கேம் ஷாஃப்ட்டுக்கு வைத்த பொட்டு

இதை யாரிடமும் காட்டாதே. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உன் அப்பா யாராக இருக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியாது, அவரிடமும் காட்டாதே. முக்கியமாக உன் தாத்தாவிடம் காட்டாதே. நீ இதைப் படிக்கிற காலத்திலும் அவர் கடலூரில் தன் லாரி ஷெட்டில்தான் இருப்பார். உன் கையில் காகிதத்தைப் பார்த்ததும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, என்னா எழுதியிருக்கா உங்கம்மா என்று கண்ணாடியைத் தேடுவார். கொடுத்துவிடாதே. மடித்து உள்ளே வைத்துக்கொள்.

எங்கள் தமிழ் டீச்சர் போன வாரம் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நீங்கள் எல்லோரும் பெற்றோர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்றார்கள். நான் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதில் உன்னை அதிகாலையில் எழச் சொன்னேன், போனைக் குறைக்கச் சொன்னேன், பெரியவர்களை மதிக்கச் சொன்னேன். 'நன்று' என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார்கள். ஆனால் வகுப்பில் நாற்பது கடிதங்களையும் படித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே அம்மா எழுதின மாதிரி இருக்கிறது என்று சொன்னார்கள். அது எனக்குச் சுருக்கென்றது. கடிதங்களில் இருந்த அந்த அம்மாவுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை, ஒரு பயமும் இல்லை. அதனால் உனக்கு இன்னொரு கடிதம் எழுதுகிறேன். இது பிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. எனக்கு இப்போது பதினேழு வயது. இதைப் படிக்கும் நீ என்னைவிட மூத்தவளாகவோ மூத்தவனாகவோ இருப்பாய். வேலைக்கு வேறு ஊர் கிளம்பும்போது உன் பெட்டியில் இதை வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். உன்னைவிடச் சின்னப் பெண் எழுதியது என்று நினைத்துக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

நான் பத்தாவது முடித்த விடுமுறையில்தான் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அப்பா கூப்பிடவில்லை, தடுக்கவுமில்லை. அம்மாதான் ஒரு நிபந்தனை போட்டார்கள். "போ. ஆனா ஒரு நாள் உன்னால ஒரு வம்பு வந்துச்சி, அதோட அந்தப் பக்கம் போறது நிக்கணும். பேச்சு மாறக் கூடாது." நான் சரி என்றேன். ஒன்றரை வருஷமாக ஒரு வம்பும் வரவில்லை. ஷெட் எனக்கு எப்படிப்பட்ட இடம் என்று உனக்கு எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் எதற்கு என்று கேட்டால் பாடத்திட்டத்தில் இல்லை என்பார்கள். ஷெட்டில் எதற்கு என்று கேட்டால் அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

கலியபெருமாள் மாமா காடாம்புலியூர்க்காரர். உறவு இல்லை, ஆனால் மாமா. அவரிடம் ஒரே ஒரு பழைய லாரி. ஆறு சிலிண்டர். தீபாவளி நெருங்கினால் முந்திரிப் பருப்பு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போவார். இந்த வருஷம் வண்டி மேட்டில் இழுக்கவில்லை. கிருஷ்ணகிரி தாண்டி ஏறுகிற இடத்தில் பின்னால் வந்த டிராக்டர் கூட ஹாரன் அடித்தது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அப்பா என்ஜினின் மேல் மூடியைக் கழற்றிவிட்டு, என்ஜினைக் கையால் சுற்றச் சொல்லி, வால்வைத் திறக்கிற ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளவு காட்டுகிற டயல் கேஜ் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு கம்பி. பதினொன்று ஏறத்தாழ ஒரே அளவு எழும்பின. ஒன்று மட்டும் அரைத் தூக்கத்தில் எழுந்த ஆள் மாதிரி கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்துவிட்டது. கேம் தேய்ந்துவிட்டது என்றார் அப்பா.

கேம் ஷாஃப்ட்டை நீ பார்த்திருக்க மாட்டாய். உன் காலத்தில் லாரிக்கெல்லாம் என்ஜின் இருக்குமோ என்னவோ. ஒரு நீளமான இரும்புத் தண்டு, நிறுத்தினால் என் இடுப்புக்கு மேல் வரும். அதில் பன்னிரண்டு முட்டைகளைக் கோத்த மாதிரி பன்னிரண்டு மேடு. தண்டு சுற்றும்போது முட்டையின் மூக்குப் பக்கம் வந்து கம்பியை மேலே தள்ளும், கம்பி ராக்கர் என்கிற நெம்புகோலைத் தள்ளும், ராக்கர் வால்வைத் திறக்கும். மூக்கு மழுங்கினால் வால்வு பாதிதான் திறக்கும். உள்ளே இருக்கிற புகை முழுசாக வெளியே போகாது. பிறகு வண்டி எப்படி மேடு ஏறும்? இந்தப் பழைய மாடலுக்குப் புது கேம் கடையில் கிடைக்கிறதை நம்ப முடியாது என்று சொல்லி, இருப்பதையே சிதம்பரத்தில் கொடுத்துக் கிரைண்டிங் செய்வதாக முடிவானது.

சிதம்பரத்துக்கு நானும் போனேன். சனிக்கிழமை. பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் அப்பா அதை நிறுத்தியே பிடித்துக்கொண்டு வந்தார். படுக்க வைத்தால் குலுங்கலில் வளைந்துவிடுமாம். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னாங்க, சாமி வேலா?" என்றார். அப்பா, "லாரிக்கு வேலுங்க" என்றார். பரங்கிப்பேட்டை போகிற ஒரு அம்மா அந்தப் போர்வை மூட்டைக்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். எனக்கு வழியெல்லாம் ஒரே கேள்வி. தேய்ந்துபோனதை இன்னும் தேய்த்தால் எப்படிச் சரியாகும்? அப்பாவிடம் கேட்கவில்லை. நானே கண்டுபிடிக்க வேண்டும் போல இருந்தது. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு காம்பஸால் ஒரு வட்டம் போட்டேன், அதற்கு ஒரு மூக்கு வைத்தேன், மூக்கை ரப்பரால் கொஞ்சம் அழித்தேன். பஸ் குலுங்கியதில் வட்டமே முட்டையாகிவிட்டது. புவனகிரி பாலம் வரும்போதுதான் பிடிபட்டது. கம்பி எவ்வளவு எழும்புகிறது என்பது மூக்கின் உயரம் இல்லை, மூக்குக்கும் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிற முதுகுக்கும் உள்ள வித்தியாசம். மூக்கை வளர்க்க முடியாது. முதுகைக் குறைக்கலாம். பழைய வட்டத்துக்குள்ளேயே சின்னதாக இன்னொரு முட்டை வரைந்தேன். அதே உயரம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது? பாலத்தில் பஸ் நின்றபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன், அப்பா கேமைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

கிரைண்டிங் பட்டறைக்காரர் என் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதத்தாம்மா நான் செய்யறேன், உன் வட்டத்தவிட கொஞ்சம் ஒழுங்கா" என்றார். கூடவே வந்திருந்த கலியபெருமாள் மாமா அவரைத் தனியாக அழைத்து, தேய்க்கிறதுதான் தேய்க்கிறீங்க, மூக்கை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி தூக்கிக் கொடுத்தால் வண்டி இன்னும் பறக்குமே, என் மச்சான் புது வண்டி வாங்கியிருக்கான் என்று கேட்டார். பட்டறைக்காரர் அப்பாவைப் பார்த்தார். தூக்கினால் வால்வு இறங்கி பிஸ்டனில் முட்டும், அப்புறம் மச்சான் வண்டியில்தான் நீங்கள் ஊர் திரும்ப வேண்டும் என்றார் அப்பா. பழைய அளவுக்கே தேய்ப்பது என்று ஆனது. நான்கு நாளில் கேம் திரும்பி வந்தது. வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. பட்டறையிலேயே அப்பா அதன் துளைகளில் காற்று வைத்து ஊதி, எண்ணெய் தடவித்தான் எடுத்து வந்தார். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்.

வந்த மறுநாள் ஆயுத பூஜை. இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். ஷெட்டில் ஸ்பேனரிலிருந்து வெல்டிங் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. பாக்கெட் சந்தனத் தூளைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். மூலையில் கேம் நின்றுகொண்டிருந்தது. அதற்கும் வைக்கட்டுமா என்று கேட்டேன். "வைம்மா, இந்தத் தடவ அதுதான் மாப்ள. ஆனா தேய்ச்ச எடத்துல கை படாம வை" என்றார் அப்பா. மேடுகள் எல்லாம் தேய்த்த இடம். வேறு எங்கே வைப்பது என்று தேடினேன். மேடுகளுக்கு நடுவில் வட்டமான கழுத்துப் பகுதிகள் இருக்கும், என்ஜினுக்குள் தண்டு உட்கார்ந்து சுற்றுகிற இடம். அதில் ஒன்றில் சின்னதாக ஒரு துளை இருந்தது. நெற்றியில் பொட்டு வைக்கிற இடம் மாதிரி, அளவெடுத்துப் போட்டது போல. நான் மோதிர விரலால் சந்தனத்தை எடுத்து அதில் வைத்து அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. இன்னும் கொஞ்சம் வைத்தேன். நிரம்பி மேலே சமமாக வரும்வரை வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். திருப்பினால் பின்பக்கமும் அதே துளை. அங்கும் வைத்தேன். பூ சுற்றினேன். கலியபெருமாள் மாமா போனில் படம்கூட எடுத்தார். எதற்கு எதற்கு என்று எல்லாவற்றையும் கேட்கிற நான், அந்த ஒரு துளை எதற்கு என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எட்டு நாளாக யோசிக்கிறேன். பார்த்ததும் அது எதற்கு என்று எனக்கே தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது, அதனால்தான்.

மறுநாள் அப்பா டீசல் துணியால் கேமைத் துடைத்தார். வெளியே தெரிந்த பொட்டெல்லாம் போய்விட்டது. ஊதின துளையை யார் மறுபடியும் ஊதுவார்கள்? மாட்டும்போது ஒரு முனையை நான்தான் தாங்கிப் பிடித்தேன். என் விரல் அந்தக் கழுத்தின் மேல் ஊர்ந்தது. குழி தட்டுப்படவில்லை. மழமழவென்று இருந்தது. அப்போது எனக்கு அந்த மழமழப்பு பிடித்திருந்தது.

முன் மூடியை மூடி போல்ட் எல்லாம் முறுக்கிய பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. இனிமேல் நீ என்னைத் திட்டலாம். என்ஜின் பக்கவாட்டில் ஏதோ ஒரு குழாய் மேலே போவதைப் பார்த்துவிட்டு, அப்பா, கேம் கழுத்தில் ஒரு துளை இருந்ததே, அது எதற்கு என்று கேட்டேன். அப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

"மேல ராக்கருக்கு எண்ணெய் போற வழிம்மா அது. கேம் சுத்தி வர்றப்ப அந்த ஓட்ட, பிளாக்குல இருக்குற ஓட்டைக்கு நேரா வரும். வர்றப்பல்லாம் கொஞ்சம் எண்ணெய் மேல ஏறும்."

"அது அடைச்சிகிட்டா?"

"அடைக்காது, நான்தான் ஊதிட்டேனே. அடைச்சா மேல வறண்டு போவும். ராக்கர் புடிச்சிக்கும். புதுசா தேய்ச்ச கேமையும் சேத்துத் தின்னுடும்."

கலியபெருமாள் மாமா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வாய் வரை வந்தது. அப்பா அவரைப் பார்த்து, பாத்தீங்களா எம்பொண்ணு கேக்குறத என்பது போலச் சிரித்தார். அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம், பதினைந்து வருஷமாக ஷெட் வைத்திருக்கிறேன், எவனும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்றார். அம்மா என் தட்டில் இன்னொரு தோசை வைத்தார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? சோதனை செய்தேன். சந்தனம் எண்ணெயில் தானாகக் கரைந்துவிட்டால் நான் சொல்லவே வேண்டாம் இல்லையா? காலியான பால்பாயிண்ட் பேனாவின் கண்ணாடி மாதிரிக் குழாயை இரண்டாக வெட்டி, அதே பாக்கெட் சந்தனத்தைக் குழைத்து இரண்டின் அடியிலும் அடைத்து, ஃபேனுக்குக் கீழே நான்கு நாள் காய வைத்தேன். ஒன்றில் தண்ணீர் விட்டேன். இன்னொன்றில் ஷெட்டிலிருந்து ஒரு மூடியில் கொண்டுவந்த என்ஜின் ஆயிலை விட்டேன். தண்ணீர் விட்டது நான் சாப்பிட்டு வருவதற்குள் கரைந்து மேஜையெல்லாம் மஞ்சளாக ஓடிவிட்டது. எண்ணெய் விட்டது மூன்று நாளாக அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டு இறங்கவில்லை. என்ஜின் சூடாகுமே என்று, அடியில் பிளாஸ்டிக் கவர் சுற்றி, அம்மா குளிக்க வைத்த வெந்நீரில் முக்கிப் பார்த்தேன். அப்போதும் இறங்கவில்லை. பம்ப் அழுத்தத்தில் தள்ளிவிடுமோ என்று இன்னொரு பேனாக் குழாயில் சந்தனம் அடைத்துச் சைக்கிள் பம்பை மாட்டி அடித்தேன். சந்தனம் நகர்வதற்குள் குழாயே கழன்று பறந்து அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அதனால் அந்த ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெரியாது. தள்ளிக்கொண்டு போனாலும் எங்கே போகும்? மேலே ராக்கரில் இருப்பது இதைவிடச் சின்னத் துளை. உண்மையைச் சொன்னால், இந்த மூன்று நாளும் பயத்தோடு கூடவே எனக்கு ஆர்வமாகவும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் குழாயைத்தான் பார்ப்பேன். அதற்காக நான் வெட்கப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

பயம் எதற்கு என்று கேட்பாய். உன் தாத்தா அடிக்கிறவர் இல்லை, கத்துகிறவரும் இல்லை. போன வருஷம் அன்பு அண்ணன் என்று ஒருவர் ஷெட்டில் வேலை செய்தார், இரண்டு பிள்ளைகளின் அப்பா. ஒரு என்ஜினின் எண்ணெய்த் தொட்டிக்குள் துடைக்கிற துணியை மறந்து வைத்துவிட்டார். சாயங்காலம் அவருக்கு நினைவு வந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. மறுநாள் அப்பாவே கண்டுபிடித்தார். ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "துணி இருந்ததுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன் அன்பு. நேத்து சாயந்தரமே தெரிஞ்சும் வாய மூடிகிட்டு வூட்டுக்குப் போனியே, அதுக்கு நீ நாளையிலேந்து வராத." அன்பு அண்ணன் ஒரு ராத்திரிதான் சொல்லாமல் இருந்தார். எனக்கு அப்புறம் எத்தனை ராத்திரி ஆகிவிட்டது என்று எண்ணிப் பார். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன். ஒவ்வொரு நாளும் அது நேற்றையதைவிடப் பெரிய தப்பாக எழுந்தது. சொன்னால் ஷெட் போய்விடும். அம்மா பேச்சு மாற மாட்டார்கள்.

விடிந்தால் என்ஜினை ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். கலியபெருமாள் மாமா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழத்தோடு வருவார். முந்திரி மூட்டைகள் அவர் ஊரில் அடுக்கித் தயாராக இருக்கின்றன, அன்றைக்கே கிளம்ப வேண்டும். இதில் ஒன்று உன்னிடம் சொல்லவில்லை. செல்ஃப் அடித்து என்ஜினைக் கிளப்புவது நானாம். அந்தக் கேள்வி கேட்டதற்கு அப்பா கொடுக்கிற பரிசு. ஐந்து மணிக்கு எழுப்புவதாகச் சொல்லிவிட்டுப் படுத்தார். என் விரலால் அந்தப் பொத்தானை அழுத்தி, என் விரலால் அடைத்த துளையோடு அது ஓட வேண்டும்.

நான் வாயை மூடிக்கொண்டால் என்ன நடக்கும் என்றும் யோசித்துவிட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். வண்டி கிளம்பும். ஷெட்டில் நன்றாகத்தான் ஓடும். ஆம்பூரோ கிருஷ்ணகிரியோ, எங்கேயாவது ஒரு மேட்டில் மூட்டைகளோடு நின்றுவிடும். கழற்றிப் பார்ப்பதற்குள் கேம் கீறிப்போயிருக்கும். சிதம்பரத்துக்காரர் சரியாகத் தேய்க்கவில்லை என்பார்கள். என் படத்தைப் பார்த்துச் சிரித்தாரே, அவர். என் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். நான் ஷெட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பேன். போய் அங்கே எந்தப் பொருளைப் பார்த்து இது எதற்கு என்று கேட்பேன்?

சொல்வதற்கு நான் ஒரு வழியும் யோசித்து வைத்திருக்கிறேன். மேல் மூடியைக் கழற்றிவிட்டு, டீசலை நிறுத்திவிட்டு, வெறும் செல்ஃபை மட்டும் அடித்தால் என்ஜின் ஓடாது, ஆனால் சுற்றும். ராக்கருக்கு எண்ணெய் வருகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். வரவில்லை என்றால் கேமை வெளியே எடுக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும், கலியபெருமாள் மாமா தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் எதுவும் கெட்டுப்போயிருக்காது. இதை மட்டும் புத்திசாலி மாதிரிச் சொல்லிவிட்டு, மற்றதை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்பா மறுபடியும் சிரிப்பார், எம்பொண்ணு என்பார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை என்னால் வாங்கிக்கொள்ள முடியாது.

உனக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை என்று அதிகம் இல்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது போல இருக்கிற பொருளைத்தான் இரண்டு தடவை கேள். இன்னொன்று, இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. நீ என்றாவது எதையாவது சொல்லாமல் வைத்திருந்து, எட்டு நாள் கழித்தோ எட்டு வருஷம் கழித்தோ என்னிடம் வந்து நின்றால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று முதலில் கேட்க மாட்டேன். முதலில் உட்காரச் சொல்வேன். என்ஜின் இன்னும் கிளம்பவில்லை இல்லையா என்று கேட்பேன். மற்றதெல்லாம் அப்புறம்.

எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அப்பா, ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தால் அது பொய். எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா, அன்றைக்கு ஆயுத பூஜையில் என்று ஆரம்பித்தால் பூஜையின் மேல் பழி போடுகிற மாதிரி இருக்கிறது. துளை அடைத்துக்கொண்டது என்றால் அது தானாக அடைத்துக்கொண்டது போல ஆகிவிடும். முதல் வார்த்தை 'நான்' என்று இருக்க வேண்டும். அதுவரை முடிவு செய்துவிட்டேன். எண்ணெய் விட்ட குழாயையும் கொண்டுபோய்க் காட்டுவேன். நிமிர்த்திப் பிடித்தால் இன்னும் ஒரு சொட்டு இறங்கவில்லை. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், இப்போதுகூட

கதவைத் தட்டுகிறார்கள். மணி நாலே கால்தான் ஆகிறது. அப்பாவின் குரல். கலியபெருமாள் வந்துட்டாரும்மா, எழுந்திரு, நீதான் செல்ஃப் அடிக்கணும் என்கிறார். குழாய் என் கையில்தான் இருக்கிறது. மறுபடி தட்டுகிறார். திறக்கப் போகிறேன். நான், அப்பா, நான்தா